பெயரிடும் உரிமை: நூதனசாலைப் பதிவேடுகள் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

ஒரு நூல் வெளிவந்ததும் அதன் ஆசிரியர் யார், எவருக்காக எழுதினார், எதைக் கூறினார், எதைக் கூறாது விட்டார் என வினாவுவது திறனாய்வாளரின் வழக்கம். கவிதைக்கும் நாவலுக்கும் நாடகத்துக்கும் இவ்வினாக்களை நாம் தயக்கமின்றி எழுப்புகின்றோம். ஆயின், நூதனசாலைகளிலும் சுவடிக்கூடங்களிலும் உள்ள பதிவேடுகளை எவரும் இவ்வாறு வினாவுவதில்லை. அவை வெறும் பட்டியல்கள், தகவற் களஞ்சியங்கள் என எண்ணி அப்பாற் செல்கின்றோம். பட்டியலும் ஒருவரால் எழுதப்பட்ட பனுவலே. அதற்கும் நோக்கு உண்டு; அது பேசும் இடமும் மௌனம் சாதிக்கும் இடமும் உண்டு. அப்பனுவலைத் திறனாய்வுக்கு உட்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வெண்ணம் எனக்குத் தோன்றியது ஒரு சிறு நிகழ்ச்சியினால். என் ஊர் கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளை. சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் பகுதியில் நடைபெற்ற பண்பாட்டுக் கண்காட்சி ஒன்றுக்கு அம்மம்மாவை அழைத்துச் சென்றிருந்தேன். கலப்பை, நுகம், உரல், உலக்கை முதலியன வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. பனையோலையால் இழைத்த பெரிய கொள்கலன் ஒன்றின் கீழே, 'பெட்டி, பனையோலை, காலம் தெரியவில்லை' என எழுதிய அட்டை இருந்தது. அதனை நான் வாசித்துக் காட்டியதும் அவர், "உதென்ன பிள்ளை, பெட்டியெண்டு எழுதிக் கிடக்கு? உது கடகமெல்லே. சூடு மிதிச்சுப் பொலி அள்ளுறது. களத்துக்குள்ள உதுக்கு வேற பேர்" என்றார். அப்பெயர் யாதெனக் கேட்டேன். "அது களத்துச் சொல்லு. இங்க சொல்லுறேல்லை" என்று கூறிவிட்டு அடுத்த பொருளை நோக்கி நடந்தார்.

சூடு மிதிக்கும் களத்தில் நெல்லை நெல் என்னாது பொலி என்பதும், கருவிகளுக்கும் கால்நடைகளுக்கும் களத்துக்கென்றே தனிச்சொற்கள் வழங்கியதும் நெல்விளையும் எம் ஊர்களில் முதியோர் அறிந்த செய்திகள். அட்டையில் இருந்தவை நான்கு சொற்கள். அந்நான்கிலும் பொருளின் பெயர் தவறாயிருந்தது, பயன் விடுபட்டிருந்தது, அப்பொருளைப் பற்றி எங்கே எதைச் சொல்லலாம் என்னும் வரையறை அறியப்படாதிருந்தது. 'காலம் தெரியவில்லை' என்பதும் முழு உண்மையன்று. தெரிந்தவரைக் கேட்கவில்லை என்பதே உண்மை.

எம் ஊர்க் கண்காட்சிக்கே நிலை இதுவெனின், கடல்கடந்த நாடுகளின் நூதனசாலைகளில் உள்ள பொருள்களின் நிலை என்ன? அவற்றுக்குரிய மக்கள் அவற்றை எவ்வாறு தேடிக் கண்டடைவர்? கண்டடைந்தாலும் அவற்றைத் தம்முடையவை என எவ்வாறு இனங்காண்பர்? இவ்வினாக்கள் இன்று உலகெங்கும் ஆதிக்குடிமக்களால் எழுப்பப்படுகின்றன. இலங்கையில் இவற்றை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேடர் சமுதாயமாகும்.

செலிக்மன் தம்பதியரின் நூல்

சி. ஜி. செலிக்மனும் அவர் துணைவியார் பிரெண்டா செலிக்மனும் 1907-1908ஆம் ஆண்டுகளில் இலங்கையில் களஆய்வு நிகழ்த்தி, 'வேடர்' என்னும் தம் நூலை 1911இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்தின் வாயிலாக வெளியிட்டனர். குடும்ப அமைப்பு, உடைமை, சடங்கு, மந்திரம், இசை எனப் பல கூறுகளையும் விரிவாக ஆராயும் இந்நூல் மானிடவியல் வரலாற்றில் நிலையான இடத்தைப் பெற்றுள்ளது. அதன் உழைப்பை எவரும் மறுத்தல் இயலாது. வேடர் பாடல்களை அவர்கள் மெழுகுருளைகளில் ஒலிப்பதிவும் செய்தனர். அவ்வுருளைகள் இப்போது இலண்டனில் பிரித்தானிய நூலகத்தின் ஒலிச் சுவடிக்கூடத்தில் உள்ளன.

இந்நூலைப் பனுவலாக வாசிக்குமிடத்து இரு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, அது தேடுவது 'கலப்பற்ற' வேடரை என்பது. அயலாருடன் கலந்து வாழ்ந்தோரும் பயிர்ச்செய்கையில் ஈடுபட்டோரும் அதன் நோக்கில் ஒரு படி குறைந்த சான்றுகளாகவே அமைகின்றனர். கிழக்குக் கரையோரத்தில் தமிழ் பேசி வாழும் வேடரும் இவ்வாறே தமிழருடன் கலந்தோர் என்னும் வகைக்குள் அடக்கப்படுகின்றனர். ஒரு சமுதாயம் காலத்தோடு மாறி வாழ்வதை அதன் தேய்வாக மட்டும் காணும் நோக்கு இது. எம் ஊரில் உழவு இயந்திரம் வந்தபின் எவரும் எம்மை உழவரல்லர் எனக் கூறியதில்லை என்பதை இங்கு நினைத்துப் பார்த்தல் தகும்.

இரண்டாவது, இசை பற்றிய இயல். இதனை எழுதியவர் சி. எஸ். மயர்ஸ். உருளைகளில் பதிவான பாடல்களின் சுரங்களை அளந்து, அவற்றை எண்ணிக்கை வழியாக வகுத்து, உலகில் அறியப்பட்ட மிக எளிய இசைவகைகளுள் ஒன்றாக வேடர் இசையை அவர் மதிப்பிட்டார். அளவீடு நுட்பமானதே. ஆயின் ஒரு தாலாட்டின் பெறுமதியை அதில் எத்தனை சுரங்கள் உள்ளன என்பதைக் கொண்டு அறிய முடியுமா? பாடியவர் எதற்காகப் பாடினார், அப்பாடலைக் கேட்கத்தக்கவர் யார், பாடத்தகாத வேளை எது என்பன அளவுகோலுக்குள் அடங்குவன அல்ல.

நடுநிலை கருதி ஒன்றைக் கூறவேண்டும். தமக்குச் செய்தி கூறிய சிலரைச் செலிக்மன் தம்பதியர் பெயர்சுட்டியே குறிப்பிடுகின்றனர். சிதல வன்னியவைச் சேர்ந்த ஹந்துன அவர்களுள் ஒருவர். எனினும் உருளைகள் திரட்டியவரின் பெயராலேயே அறியப்படுகின்றன. பாடியவர் செய்தியாளராகவும் பதிந்தவர் உரிமையாளராகவும் மாறுவது பதிவேட்டின் இலக்கணம் போலும். அகத்திணை மரபில் தலைவனையும் தலைவியையும் பெயர்சுட்டாமை ஓர் அழகியற் கோட்பாடு. பதிவேட்டில் பொருளைச் செய்தவரின் பெயர் சுட்டப்படாமை அத்தகையதன்று. அது வெறும் புறக்கணிப்பே.

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் எடின்பரோ பல்கலைக்கழகம் தன் உடற்கூற்றியற் சேகரிப்பில் இருந்த வேடர் மண்டையோடுகள் ஒன்பதை வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோவிடம் கையளித்தது. அதுவரை அவை மாதிரிகளாகவே வைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பெற்றுக்கொண்டவருக்கோ அவை மூதாதையர். பொருள் ஒன்றே; பெயர் மாறியதும் அதன்மீதான கடமையும் மாறிவிட்டது. மாதிரியை அளக்கலாம், மூதாதையரை அடக்கம் செய்யவேண்டும். பதிவேட்டிலுள்ள ஒரு சொல்லின் வலிமை எத்தகையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பட்டியலும் அணுக்கமும்

பெயர் தவறாயிருத்தல் ஒரு குறை. பெயரே இல்லாதிருத்தல் மற்றொரு குறை. இலங்கைச் சிவில் சேவையில் பணியாற்றிய ஹியூ நெவில் 1897இல் காலமானார். அவர் திரட்டிய ஈராயிரத்துக்கும் மேற்பட்ட சிங்களச் சுவடிகளைப் பிரித்தானிய நூதனசாலை 1904இல் வாங்கியது. அவற்றுக்கு இலங்கையரான கே. டி. சோமதாச தயாரித்த ஏழு தொகுதி விவரணப் பட்டியல் 1987ஆம் ஆண்டு முதல் 1995ஆம் ஆண்டு வரையிலேயே வெளிவந்தது. வாங்கியதற்கும் முதற் தொகுதிக்கும் இடையே எண்பத்து மூன்று ஆண்டுகள். அக்காலப்பகுதியில் அச்சுவடிகள் அழியாமற் காக்கப்பட்டன என்பது உண்மை. ஆயின் அவற்றை எழுதியோரின் வழித்தோன்றல்களுக்கு, அம்மொழியறிந்த ஒருவர் ஏடு ஏடாக வாசித்து விவரம் எழுதும்வரை, அவை பெரும்பாலும் இல்லாதனவாகவே இருந்தன.

இலங்கையின் தொல்பொருள்களும் பண்பாட்டுப் பொருள்களும் எந்தெந்த வெளிநாடுகளில் உள்ளன என்பதை விரிவாகத் தொகுத்த நூல், தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. எச். டி. எச். டி சில்வாவின் பட்டியலாகும். அது 1975இல் வெளிவந்தது. எவை எங்கே உள்ளன என அறியாதவர் எதையும் கோர முடியாது என்னும் எளிய உண்மையை அப்பணி உணர்த்திற்று.

எம் ஊருக்கு வருவோம். ஜே. பி. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூல் 1895இல் வெளிவந்தது. வன்னியைப் பற்றி ஆராய்வோர் முதலில் கையிலெடுக்கும் நூல் அது. ஆயின் அதன் எல்லை வவுனியாவும் முல்லைத்தீவுமே. கிளிநொச்சி 1984இலேயே தனி மாவட்டமாயிற்று; அதற்கு முன்னர் அது யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதி. எனவே கண்டாவளை பற்றிய பழைய நிருவாகப் பதிவுகளைக் காண விரும்புவோர் தேசிய சுவடிக்கூடத்தில் யாழ்ப்பாணம் என்னும் தலைப்பின் கீழ்த் தேடவேண்டும். ஊரவர் தம்மை வன்னியார் என்பர். பதிவேடு அவர்களை வேறிடத்தில் வைத்திருக்கும். இதனை எடுத்துக்கூறும் ஒரு வழிகாட்டிக் குறிப்பு இருந்தால் தேடுவோரின் நாள்கள் எத்தனையோ மிஞ்சும்.

இரணைமடு என்றால் எமக்குக் குளம், வாய்க்கால், வயல். உலகத்தின் தொல்வரலாற்று அறிஞருக்கோ அது இலங்கையின் உலர்வலயக் கரையோரங்களிற் காணப்படும் தொன்மையான மண்படிவுக்கும், அதிற் கிடைக்கும் கற்கருவிகளுக்கும் உரிய பெயர். சிரான் தெரணியகல இப்படிவு பற்றி விரிவாக எழுதியுள்ளார். எம் குளத்தின் பெயர் அறிவுலகத்துக்குச் சென்றுவிட்டது. அப்பெயரோடு சேர்ந்த அறிவு எம் பாடசாலைக்குத் திரும்பி வரவில்லை. நான் அதனை அறிந்ததே பல்கலைக்கழக நூலகத்திலேதான்.

குரல் திரும்பிய இரு நிகழ்ச்சிகள்

இக்குறைகளைக் களைய இயலுமா? இயலும் என்பதற்கு அயல்நாட்டுச் சான்றுகள் உள்ளன. ஐக்கிய அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 1890இல் ஜெசி வோல்ற்றர் ஃபியூக்ஸ் என்பவர் பாசமகுவொடி மக்களின் பாடல்களையும் கதைகளையும் மெழுகுருளைகளிற் பதிவு செய்தார். களத்திற் செய்யப்பட்ட இனவியல் ஒலிப்பதிவுகளுள் முதன்மையானவையாக இவை கருதப்படுகின்றன. இவை பின்னர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்தன. 1980களில் நாடாக்களில் படியெடுத்து அம்மக்களிடம் அளிக்கப்பட்டபோதும், இரைச்சல் மிகுந்த ஒலியிற் சொற்களைப் பிரித்தறிவது கடினமாயிருந்தது. அண்மைக்காலத்தில் ஒலி சீர்செய்யப்பட்டு, அச்சமுதாயத்து முதியோர் கேட்டுச் சொற்களை இனங்கண்டு விளக்கம் கூறினர். 2018இல் காங்கிரஸ் நூலகம் இவற்றை இணையத்தில் வெளியிட்டபோது, பதிவுகளுக்கு அம்மக்களின் மொழியிலேயே தலைப்புகள் இடப்பட்டிருந்தன. எவ்வாறு பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தலாகாது என்னும் குறிப்புகளையும் அவர்களே வரைந்தனர்.

அவுஸ்திரேலியாவின் ரெனன்ற் கிறீக் பகுதியில் வருமுங்கு மக்களுடன் கிம்பர்லி கிறிஸ்ரென் 2007இல் தொடங்கிய 'முக்குர்ட்டு' என்னும் ஆவணமுறை இன்னொரு சான்று. முக்குர்ட்டு என்பது பொருள்களைப் பத்திரமாக வைக்கும் பையைக் குறிக்கும் வருமுங்குச் சொல். ஒரு படத்தை அல்லது பாடலை யார் காணலாம், எக்குடும்பத்தார் காணலாம், ஆடவர்க்குரியது எது, பெண்டிர்க்குரியது எது, மறைந்தோரின் உருவத்தை எப்போது மறைத்து வைக்கவேண்டும் என்பவற்றை அச்சமுதாயத்தின் வழக்கப்படியே அம்முறை ஒழுங்கு செய்கின்றது.

இவற்றை விநோதமான அயல்வழக்கம் என எண்ணுதல் வேண்டா. கண்ணகி வழக்குரை கிழக்கிலே அம்மன் சடங்குக் காலத்திற் பாடப்படுவது. முல்லைத்தீவுப் பகுதியில் அது சிலம்பு கூறல் எனவும், யாழ்ப்பாணத்தில் கோவலனார் கதை எனவும் வழங்கும். வி. சீ. கந்தையா 1968இல் அதனைப் பதிப்பித்தமையால் நாம் இன்று எந்நாளிலும் வாசிக்கின்றோம்; அது பெரும் பேறே. எனினும் அந்நூலைக் கோயிலில் பாடுவோர் அதனை எடுக்கவும் ஓதவும் காலமும் விதியும் வைத்திருக்கின்றனர். 'ஓலைச்சுவடி, காவியம்' என்று மட்டும் எழுதும் பதிவேடு அவ்விதியை அழித்து எழுதுகின்றது. அம்மம்மா சொல்ல மறுத்த களத்துச் சொல்லும் இவ்வகையினதே.

ஓர் ஆட்சேபம்

அறிவு மனிதகுலத்தின் பொதுச்சொத்து. அதற்கு வேலியிடுதல் பிற்போக்கு என்று சிலர் கூறுவர். இவ்வாட்சேபம் எளிதில் தள்ளத்தக்கதன்று. எழுத்தறிவும் நூலும் ஒரு சிலரின் உடைமையாயிருந்த காலத்தை எதிர்த்தே நம் முன்னோர் பாடசாலைகளையும் நூலகங்களையும் அமைத்தனர். சமுதாயம் என ஒருமையிற் பேசுவதும் ஆபத்தானது. ஒரு கோயிலின் வழக்கத்தைக் கூற வருவோர் யார்? வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் சாட்சியமும் அதில் இடம்பெறுமா? பெண்கள் கூறுவதை எவர் எழுதுவர்? சமுதாயத்திடம் கேட்டோம் என்று கூறி அவ்வூர்ப் பெரியவர் ஒருவரை மட்டும் கேட்டு வருதல் பழைய தவறின் புதிய வடிவமே.

ஆயினும் இவ்வாட்சேபத்துக்கு இரு விடைகள் உண்டு. முதலாவதாக, வேலி முன்னரே உள்ளது. கடல் தொலைவும், பயணச் செலவும், ஆங்கில மொழியும், பட்டியலிற் கையாளப்படும் அயற்சொற்களும் யாவும் வேலிகளே. திறந்தது எனப்படும் சேகரிப்பு யாருக்குத் திறந்தது என்பதே கேள்வி. இரண்டாவதாக, காத்தல் வேறு, காட்டல் வேறு. அழியாது காப்பதற்கு எதனையும் படியெடுக்கலாம். எவருக்குக் காட்டுவது என்பதை உரியவருடன் கலந்து தீர்மானிக்கலாம். உரியோரிடையே கருத்து வேறுபாடு இருப்பின் பதிவேட்டில் இரு கருத்தையும் எழுதலாம். ஒரு செய்யுளுக்குப் பாடபேதம் காட்டும் நமக்கு இது புதிய செயலன்று.

காத்தலின் அருமையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எம் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. அப்போது நான் சிறுபிள்ளை. காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு பையிலிட்டு அம்மம்மா தோளில் மாட்டியிருந்தது மட்டும் நினைவில் உள்ளது. அப்பையில் இடம்பெறாதவற்றுள் எதுவும் பின்னர் எமக்குக் கிட்டவில்லை. படியெடுத்து வைத்தல் எமக்கு ஆய்வு வசதி மட்டுமன்று.

தொலைவிலுள்ள பெரிய நிறுவனத்திடம் படி இருந்தாற் போதும் எனவும் ஆறுதல் கொள்ளல் இயலாது. 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் பிரித்தானிய நூலகம் மின்வெளித் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் இணையவழிச் சேவைகள் பல மாதக்கணக்கில் முடங்கின. ஒரே வாயில் வழியாகவே தம் மூதாதையரின் பனுவலையும் குரலையும் அணுக வேண்டியோருக்கு அம்மாதங்களில் அவ்வாயிலும் அடைபட்டது. ஆகவே படிகள் ஊரிலும் இருத்தல் வேண்டும்.

நாமும் திரட்டுவோர்

இதுவரை ஐரோப்பியரின் பதிவேடுகளை வினாவினோம். அவ்வினா எம்மை நோக்கியும் திரும்புதல் நேர்மை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இன்று ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பிற ஆவணங்களையும் எவரும் கட்டணமின்றி வாசிக்க வழிசெய்துள்ளது. இம்மலரில் எழுதுவோருள் அதனைப் பயன்படுத்தாதவர் அரிது. அச்சு நூலுக்கு ஆசிரியர், தலைப்பு, ஆண்டு என்னும் மூன்றும் பெரும்பாலும் போதும். ஆயின் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் கோயிற் சடங்கின் ஒளிப்படத்துக்கும் அவை போதா. அத்தகைய பொருள்களைப் பதிகின்ற நம்மவர் எவராயினும், 'பாடியவர் யார், எவ்வேளையிற் பாடுவது, பாடியவர் எதற்கு உடன்பட்டார்' என்னும் நிரல்களையும் சேர்த்தல் அவசியம்.

இதனினும் கடினமான ஒரு கேள்வி உண்டு. வாகரையிலும் மூதூரிலும் தமிழ் பேசி வாழும் வேடர் தமிழ்ப் பண்பாட்டு வரலாற்றில் எவ்விடம் பெறுகின்றனர்? அவர்களைப் பற்றி நாம் எழுதும்போது அவர்களைத் 'தமிழராகி வருவோர்' என்றும், அவர்தம் வழிபாட்டை 'எஞ்சியுள்ள பழைய வழக்கம்' என்றும் கூறி அமைகின்றோம். கலப்பற்றோரைத் தேடிய செலிக்மனின் நோக்குக்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகமன்று. எம் சேகரிப்புகளில் அவர்தம் பெயர்கள் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன என்பதை அவர்களே வாசித்துத் திருத்தும் வாய்ப்பை நாம் அளித்தோமா? எமக்குரியதைப் பிறர் தவறாகப் பெயரிட்டனர் என வருந்தும் நாம், பிறர்க்குரியதை எவ்வாறு பெயரிட்டுள்ளோம் என ஆராய்ந்த பின்னரே அவ்வருத்தத்துக்கு உரிமையுடையோர் ஆவோம்.

செய்யத்தக்கது

பெருந்திட்டங்கள் வகுப்பது மாணவர்க்கு இயலாது. எனினும் தமிழ்ச் சங்கம் ஒன்றினால் இயல்வன சில உள. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றுக்கு விவரக்குறிப்பு எழுதலாம். அதனைப் பயன்படுத்தியவர் வழங்கும் சொல்லிலேயே பெயரை எழுதி, கூறியவரின் பெயரையும் அவர் இசைந்தால் சேர்த்து, இறுதியில் அவரிடமே வாசித்துக்காட்டித் திருத்தம் பெறலாம். ஒரு படி சங்கத்திலும் ஒரு படி அவ்வூர்ப் பாடசாலையிலும் இருக்கட்டும். வெளிநாட்டு நூதனசாலைகளின் இணையப் பட்டியல்களில் இலங்கைப் பொருள்களைத் தேடி, தவறான ஊர்ப்பெயர்களையும் பொருட்பெயர்களையும் கண்டால் சான்றுடன் எழுதியனுப்புவதும் திறனாய்வுப் பணியே. பொருள்களைத் திருப்பித் தருக என்னும் கோரிக்கை அரசுகளுக்கிடையே பல்லாண்டு நீளும். பெயரைத் திருத்துக என்னும் கோரிக்கையை ஒரு மாணவர் இன்று மாலையே எழுதலாம்.

இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன் கண்டாவளைக்குச் சென்று அம்மம்மாவிடம் அக்கடகத்தைப் பற்றி மீண்டும் கேட்டேன். ஓலை சார்வதும் இழைப்பதும் பொத்துவதும் எவ்வாறு என்பதையும், அவர் தாயார் இழைத்த கடகம் எத்தனை போகம் நின்றது என்பதையும் விரிவாகக் கூறினார். அவை யாவும் என் குறிப்பேட்டில் உள்ளன. களத்துச் சொல்லை இம்முறை அவர் எனக்குக் கூறினார். எழுதவேண்டாம் என்றும் கூறினார். குறிப்பேட்டில் அந்நிரலில், 'பெயர் உண்டு. களத்தில் மட்டும் சொல்வது. கூறியவரின் விருப்பப்படி எழுதப்படவில்லை' எனக் குறித்துள்ளேன். அவருக்கு அதனை வாசித்துக் காட்டினேன். சரி என்றார்.